வீட்டிலே ஒரு விருந்தாளி

"உங்கள் மூத்த பையன் எங்கே இருக்கிறான்?" என்று கேட்டால், "எங்களோடுதான் இருக்கிறான்" என்று பதில் சொல்லும் தகப்பனாரின் குரலில் ஒரு காலத்தில் பெருமை தொனிக்கும். பிள்ளை கண்ணுக்கு எதிரிலே இருக்கிறான், கூப்பிட்ட குரலுக்கு வருவான் என்ற நிம்மதி அதில் கலந்திருக்கும். சில வருஷங்களாக அதே பதில் சற்றுத் தாழ்ந்த குரலில் வருவதை நேயர்கள் கவனித்திருக்கலாம். அந்தப் பையனையே வழியில் பார்த்துக் கேட்டாலோ, "வீட்டில்தான் இருக்கிறேன்" என்கிறான். 'தான்' என்னும் சிறு சொல் இருவர் வாயிலும் வருகிறது. தகப்பனார் வாயில் அது சமாதானம். பிள்ளை வாயில் அது ஏறக்குறைய ஒரு குற்ற ஒப்புதல்.

நாம் காவிரிக் கரையிலுள்ள ஒரு பட்டணத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறோம். பழைய மாணவர்கள் எப்போதாவது பார்க்க வருவார்கள். நன்னடத்தைச் சான்றிதழில் கையெழுத்து வேண்டும், ஒரு விண்ணப்பத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று ஏதாவது ஒரு காரியம் இருக்கும். முன்பு வந்தவர்கள் காரியம் முடிந்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். இப்போது வருகிறவர்கள் எழுந்திருப்பதில்லை. கையெழுத்து ஆகிவிட்டது, காபியும் ஆகிவிட்டது, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக் கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச வேண்டியது ஏதோ இருக்கிறது, அதற்கு வேறு இடம் இல்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. வீடு இல்லாதவர்களா என்றால், இல்லை. நல்ல வீடு, தாய் தகப்பன், வேளா வேளைக்குச் சாப்பாடு எல்லாம் உண்டு. அந்த வீட்டிலே தாங்கள் விருந்தாளி போலிருக்கிறோம் என்பதுதான் அவர்கள் வார்த்தை.

இது ஏதோ நம் ஊருக்கு மட்டும் வந்த நோய் என்று நினைத்துக் கலங்க வேண்டாம். இத்தாலி தேசத்தில் 2007-ம் வருஷம் நிதி மந்திரியாக இருந்தவர், பெற்றோர் வீட்டை விட்டுப் போகாத இளைஞர்களைப் 'பெரிய குழந்தைகள்' என்று பொருள்படும் ஒரு சொல்லால் கேலி செய்து நன்றாக வாங்கிக் கட்டிக் கொண்டார். அமெரிக்காவில் 2020-ம் வருஷம் கொள்ளை நோய்க் காலத்தில், 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் பெற்றோருடன் தங்கியிருந்தார்கள். ஐரோப்பாவில் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள்: 2022-ல் பின்லாந்துப் பிள்ளைகள் சராசரியாக 21 வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள்; குரோஷியாவில் 33 வயது ஆயிற்று. ஜப்பானில் நிலைமை இன்னும் கடுமை. அறைக் கதவைச் சாத்திக் கொண்டு மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் வெளியே வராதவர்களைப் பற்றி ஸைடோ தமாகி என்னும் மனநோய் வைத்தியர் 1998-ல் புத்தகம் எழுதினார். அந்தச் சர்க்கார் 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகத்தோடு ஒட்டாமல் ஒதுங்கி வாழ்பவர்கள் அங்கே சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேர்.

ஆனால் இந்தக் கணக்குகளை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பெற்றோரோடு வசிப்பதே அங்கே பலருக்குக் கேள்வி. நமக்கு அது கேள்வியே அல்ல. கல்யாணம் ஆன பிறகும் பெற்றோரோடு இருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒட்டாமல் போவது எதனால் என்பதே நம்முடைய கேள்வி.

நம்மிடம் படித்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். வயது 26. எஞ்ஜினியர் பட்டம் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. ஒரு வருஷம் சென்னையில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று. 'வீட்டுக்கு வந்து சர்க்கார் பரீட்சைக்குப் படி' என்று தகப்பனார் சொன்னார், வந்துவிட்டான். இப்போது தேர்வாணையத்தின் பரீட்சைகளை ஒன்று விடாமல் எழுதுகிறான். 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 பரீட்சைக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பம் போட்டவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு 300 பேர் என்று ஆகிறது. 2024 ஜூனில் மறுபடியும் அந்தப் பரீட்சை நடந்தபோது முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பங்கள் 20 லட்சத்தைத் தாண்டின. 300 பேரில் 299 பேர் வீட்டுக்குத் திரும்பி வந்து அதே அறையில் அதே புஸ்தகத்தைப் பிரிக்க வேண்டியவர்கள்தானே?

அவனுடைய தினசரியை ஒரு நாள் விவரமாகக் கேட்டோம். காலையில் தகப்பனார் காரியாலயத்துக்குக் கிளம்பும் வரையில் அறையை விட்டு வருவதில்லை. எதிரே வந்தால் ஏதாவது கேட்பார். கேட்காமல் போனால் அது இன்னும் சங்கடம். பத்து மணிக்கு மேல் வந்து சாப்பிடுகிறான். பகல் முழுவதும் படிப்பு, அல்லது படிப்பு என்ற பெயரில் கைப்பேசி. சாயங்காலம் அவர் வீடு திரும்பும் சமயத்தில் இவன் நடக்கக் கிளம்பி விடுகிறான். இரவு எல்லோரும் படுத்த பிறகே அவனுக்கு மனசு லேசாகிறதாம். ஒரு மணி, இரண்டு மணி வரை விழித்திருக்கிறான்.

"வீட்டிலே பேசுவதே இல்லையா?" என்று கேட்டோம்.

"பேசாமல் என்ன, ஸார்? அம்மாவிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவேன். அப்பாவிடம் பரீட்சையைப் பற்றிப் பேசுவேன். வேறு பேச்சு இல்லை" என்றான்.

சற்று நேரம் கழித்து, "தெருமுனைக் கடைக்காரர்கூட என்னிடம் மழையைப் பற்றிக் கேட்கிறார், ஸார்" என்று சேர்த்துக் கொண்டான்.

இதைக் கேட்டுப் பிள்ளை மேல் மட்டும் இரக்கப்படுவது நியாயமாகாது. தகப்பனாரையும் நமக்குத் தெரியும். கெட்டவர் அல்லர், கடிந்து ஒரு வார்த்தை சொல்லாதவர். சொல்லாமல் இருப்பதுதான் தம்முடைய பெருந்தன்மை என்று நினைத்திருக்கிறார். பையனின் கல்விக் கடனுக்கு இன்னும் தவணை கட்டி வருகிறார். அதைப் பையனிடம் சொன்னதில்லை. அவருடைய தகப்பனார் அவரிடம் எத்தனை வார்த்தை பேசினார் என்று எண்ணினால் விரல் விட்டு எண்ணி விடலாம். ஆனால் அந்தக் காலத்து மௌனத்துக்கும் இந்தக் காலத்து மௌனத்துக்கும் வித்தியாசம் உண்டு. அப்பொழுது தகப்பன் பேசாவிட்டால் பெரியப்பா பேசுவார், அத்தை பேசுவாள், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அடுத்த வீட்டுக் கிழவர், வேண்டியதும் வேண்டாததுமாக ஆயிரம் பேசுவார். இன்றைக்கு மூன்று பேர் உள்ள வீட்டில் ஒருவர் வாயை மூடிக் கொண்டால் மூன்றில் ஒரு பங்கு ஊமையாகி விடுகிறது.

படிப்பு ஏறிய அளவுக்கு வேலை ஏறவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2021-22 கணக்குப்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்களின் விகிதம் நூற்றுக்கு 47. இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 28 சொச்சந்தான். இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயமே. ஆனால் 2024-ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் பெயரால் வெளிவந்த அறிக்கை வேறொன்றும் சொல்லிற்று. 2022-ம் வருஷத்து நிலவரப்படி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு 3.4, பட்டதாரி இளைஞர்களில் 29.1. படித்தவன்தான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். படிக்க வைத்தவர்களோ, 'படித்தும் இப்படியா?' என்று நினைக்கிறார்கள். நினைப்பது வாயால் வராவிட்டாலும் தாளிக்கும் ஓசையில்கூட அது கேட்கும் என்கிறான் நம் பையன். கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை.

கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சிறு ஓட்டு வீடு இருக்கிறது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை நினைவில்லமாகப் பாதுகாத்து வருகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் வாசலில் நின்று, "கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு" என்று பக்தியோடு படம் எடுத்துக் கொண்டு போகிறார்கள். 1907-ம் வருஷத்துக்கும் 1910-ம் வருஷத்துக்கும் இடையே அதே வாசலில் நின்று பார்த்திருந்தால் அவர்கள் கண்டிருக்கக் கூடியது வேறு. இருபது வயது கடந்த ஒரு பிள்ளை, உத்தியோகம் இல்லாமல், திண்ணையில் உட்கார்ந்து பலகையில் ஏதோ கிறுக்கிக் கொண்டிருப்பான். எழுதியதை முழங்கையால் அழித்துவிட்டு மறுபடியும் எழுதுவான். தகப்பனார் ஜவுளிக் கடையில் கணக்குப் பிள்ளை. மாதச் சம்பளம் சொற்பம். வருமானம் போதாமல், வெளியூர் மாணவர்களை வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டு வந்தார்கள்.

அந்தப் பிள்ளையின் சரித்திரம் அதுவரையில் தோல்வியின் சரித்திரமே. கும்பகோணம் சர்க்கார் கலாசாலையில் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களை அலட்சியம் செய்ததால் உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-ல், பதினேழு வயதில், வீட்டில் சொல்லிக் கொள்ளாமல் விசாகப்பட்டணத்துக்கு ஓடிப் போனார். திரும்பி வந்து சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார், எப். ஏ. பரீட்சையில் தேறவில்லை, மறு வருஷமும் தேறவில்லை. பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார், அதுவும் சரிப்படவில்லை. 1909 ஜூலையில் தாயார் கோமளத்தம்மாள் முன்னின்று அவருக்குக் கல்யாணத்தை நடத்தி வைத்தார். வேலையில்லாத பிள்ளைக்குக் கால்கட்டுப் போட்டால் பொறுப்பு வரும் என்ற நம்பிக்கை இன்று நேற்று ஏற்பட்டதல்ல.

இதைப் படித்துவிட்டு, 'நம் வீட்டுப் பையனும் ஒரு ராமானுஜனாக இருந்தாலும் இருக்கலாம்' என்று பெற்றோர்கள் புறப்பட்டுவிட வேண்டாம். அப்படி இருக்க மாட்டான். அது அவன் குற்றமும் அல்ல. நாம் சொல்ல வந்தது வேறு. ராமானுஜனை அந்தத் திண்ணையிலிருந்து எழுப்பிக் கொண்டு போனது எது? வீடு அல்ல. வீடு சோறு போட்டது. அது சிறிய காரியமில்லை. ஆனால் கதவைத் திறந்தவர்கள் வெளியார். 1910-ல் அவர் தம் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொண்டு திருக்கோவலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணித சங்கத்தை ஸ்தாபித்தவர் அவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இப்படிப்பட்டவனைத் தாலுகாக் கச்சேரியில் கொண்டுபோய்ப் போடுவது பாவம் என்று எண்ணி, சென்னையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். ஒருவர் கை மற்றொருவர் கையாக, கடைசியில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் முன்னிலையில் போய் நின்றார். அவர் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். 1912 மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அதற்கு அடுத்த ஜனவரியில் கேம்பிரிட்ஜிலுள்ள ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. மீதி உலகம் அறிந்தது.

இந்தக் கதையில் நம் மனத்தில் பதிந்திருப்பது அந்த 25 ரூபாய்கூட அல்ல. உறவினர் அல்லாத ஒரு பெரிய மனிதர், வேலையில்லாத ஒரு வாலிபனை எதிரே உட்கார வைத்து, அவன் கையில் உள்ள நோட்டை வாங்கிப் பார்த்தாரே, அதுதான். நம் பையன்களுக்கு இன்று அப்படி நோட்டை வாங்கிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? திண்ணையை இடித்து, வண்டி நிறுத்த இடம் பண்ணியாகிவிட்டது. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால், "இப்போது என்ன பண்ணுகிறாய்?" என்ற ஒரு கேள்வி காத்துக் கொண்டிருக்கிறது; அதற்குப் பயந்தே போவதில்லை. கூடப் படித்த தோழர்களில் உத்தியோகம் ஆனவர்களைப் பார்க்க வெட்கம். ஆகாதவர்களைப் பார்க்கப் பயம்.

மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும், சென்னை கோட்டூர்புரத்தில் 2010 முதல் நடந்துவரும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் பகல் முழுவதும் வாலிபர்களால் நிரம்பியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். படிப்பதற்கு மட்டுமா வருகிறார்கள்? ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்ப்பதற்கும், மத்தியானம் கட்டுச்சோற்றைப் பகிர்ந்து கொள்வதற்குந்தான். திண்ணை மாடி ஏறிவிட்டது என்று வைத்துக் கொள்ளலாம். ஆனால் நூலகம் தூரமாக உள்ள சிற்றூர்ப் பிள்ளைக்கு அறையும் கைப்பேசியுமே கதி.

இவ்வளவும் பையன்களைப் பற்றி ஆயிற்று. பெண்கள் விஷயம் வேறு மாதிரி. 2020-ல் ஊரடங்கு வந்தபோது, சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருந்த பெண்கள் பலர் மேஜை நாற்காலி சகிதம் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சிலர் திரும்பிப் போகவே இல்லை. அப்படி வந்த ஒரு பெண் சொன்னாள்: "கம்பெனியில் எட்டுப் பேர் என் கீழ் வேலை செய்கிறார்கள், ஸார். வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடைத்தெருவுக்குப் போகத் தம்பி துணைக்கு வரவேண்டும்." சம்பளம் முழுவதையும் அம்மாவிடம் கொடுத்து விடுகிறாள். அது நகையாகிறது, வரனுக்காகச் சேர்கிறது. என்ன நகை என்று அவளைக் கேட்பதில்லை. வரனைப் பற்றிக் கேட்கிறார்களாம். எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்கிறார்கள். வேலையில்லாத பையன் வீட்டுக்குப் பாரமாக இருக்கிறோம் என்று ஒதுங்குகிறான். வேலையுள்ள பெண்ணோ வீட்டைத் தாங்கியும் ஒதுங்கி இருக்கிறாள். ஆகவே பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது பிசகு.

பின்னே எதுதான் குறை? நமது அபிப்பிராயத்தைச் சொல்கிறோம், ஒப்பாதவர்கள் தள்ளிவிடலாம். வீட்டு விவகாரங்களில் வயது வந்த பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை. ஏவல் உண்டு, பங்கு இல்லை. மின்சாரக் கட்டணம் கட்ட அவன் வேண்டும். ரெயில் டிக்கெட் பதிவு செய்ய அவன் வேண்டும். பாட்டிக்கு மாத்திரை வாங்க அவன் வேண்டும். ஆனால் இந்த மாதம் வரவு என்ன, செலவு என்ன, யாரிடம் எவ்வளவு கடன், பின்கட்டை வாடகைக்கு விடலாமா கூடாதா என்ற பேச்சு எழும்போது, அவன் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. குழந்தைக்குக் கவலை எதற்கு என்ற அன்புதான் காரணம். 26 வயதுக் குழந்தை! விருந்தாளிக்கு இலை போடுவோம், நல்ல பாயாகப் பார்த்து விரிப்போம். வீட்டுக் கடனைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டோம். அவன் தன்னை விருந்தாளி என்று சொல்வதில் என்ன ஆச்சரியம்?

ஒரு விஷயம் மாத்திரம் வேறாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒட்டாமை வேறு, வியாதி வேறு. வாரக் கணக்கில் தூக்கம் கெட்டு, சாப்பாடு வெறுத்து, பிரியமாகச் செய்து வந்த காரியங்களையும் கைவிட்டு, 'நான் இருந்து என்ன பிரயோஜனம்?' என்ற பேச்சும் வருமானால், கோவிலுக்கு நேர்ந்து கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. வைத்தியரிடம் போக வேண்டும். 2022 அக்டோபரில் இந்திய சர்க்கார் தொடங்கிய 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளையும் பேசலாம், கவலைப்படுகிற பெற்றோரும் பேசலாம். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

நம் பையனின் விஷயத்தில் நாம் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அவன் தகப்பனாரைக் கடைத்தெருவில் சந்தித்தபோது, வீட்டுக் கணக்கு நோட்டைப் பையனிடம் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னோம். "அவனுக்கு எதற்கு ஸார் அந்தத் தொந்தரவு?" என்றார். தொந்தரவுக்காகத்தான் சொல்கிறோம் என்றோம். மனசில்லாமலே கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. முதல் மாதம் அவன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது மாதம் பிரித்தான். கல்விக் கடன் தவணை மாதா மாதம் எழுதப்பட்டிருப்பதைக் கண்டான். இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் இரவு, தகப்பனார் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்து, "சீட்டுக்கு இவ்வளவு கட்டுவதைவிடக் கடனை முன்னாலேயே அடைத்து விட்டால் வட்டி மிச்சமாகுமே, ஏன் செய்யவில்லை?" என்று கேட்டிருக்கிறான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சீட்டு எடுப்பதில் தமக்கு உள்ள முப்பது வருஷ அனுபவத்தை எடுத்துச் சொன்னார். பையன் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். அவர் ஒப்புக் கொள்ளவில்லை. மறுநாளும் அதே வாக்குவாதம்.

அவனுக்கு இன்னும் உத்தியோகம் ஆகவில்லை. அடுத்த பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருக்கிறான். உள்ளூரில் ஒரு நெல் மண்டியில் சாயங்கால வேளைகளில் கணக்குப் பார்க்கிறான். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் தகப்பனாரின் சீட்டுக்காரர். போன மாதம் அவன் தாயாரைக் கோவிலில் பார்த்தோம்.

"என்ன அம்மா, பையன் எப்படி இருக்கிறான்?" என்று விசாரித்தோம்.

"அதை ஏன் கேட்கிறீர்கள், ஸார்! முன்னெல்லாம் வீடு நிசப்தமாக இருக்கும். இப்போது அப்பாவும் பிள்ளையும் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓயாமல் சண்டை. இலையை எடுக்க விடுகிறதில்லை" என்று சொல்லிவிட்டு, பிரகாரத்தைச் சுற்றப் போய்விட்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது.